தீவுக்கு டிக்கெட் எடுப்பவர்களும் பாசி எடுப்பவர்களும்

பெருமாள்மலை தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பழனியிலிருந்து ஏறும் மலைப்பாதையும் வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையும் சேரும் ஊர் அது. அங்கிருந்து கொடைக்கானல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் சீசனில் சனிக்கிழமை காலை அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

வண்டிகளின் தொல்லை கடைசியில் கோர்ட் வரை போனது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. கவனித்தீர்களா? கூட்டம் நெரியும் நாளில்தான் வரம்பும் அதிகம்! ஊர் எவ்வளவு தாங்கும் என்பதைவிட, எத்தனை பேர் வர ஆசைப்படுகிறார்கள் என்பதுதான் முதலில் நிற்கிறது.

சரி, மலைக்கதை எதற்கு? இப்போது அதே வீக்-எண்ட் கூட்டத்துக்குக் கடலிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதற்காகத்தான்.

ராமேஸ்வரம் பக்கம் பாம்பனுக்கு அருகில் குந்துகால் என்று ஒரு இடம். 1897இல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து கரை இறங்கிய இடம் என்று நினைவு மண்டபமே இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குருசடைத் தீவு. கடல் உயிரியல் படித்தவர்களுக்கு அது ஒரு கோயில் மாதிரி. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. அந்தத் தீவுக்குத்தான் வனத்துறை சில ஆண்டுகளுக்கு முன்பு படகுச் சுற்றுலா தொடங்கியது. டிக்கெட் எடு, படகில் ஏறு, தீவைப் பார், போட்டோ எடு, திரும்பி வா. பெயர் 'சூழல் சுற்றுலா'.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே தீவுகளுக்கு டிக்கெட் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலம் போன்ற கடலோர ஊர்களின் பாசி எடுக்கும் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் வளரும் பாசியைக் கையால் பறிப்பவர்கள். இதை மணிக்கணக்கில் செய்ய வேண்டும். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் தயாராகிறது. மைக்ரோபயாலஜி லேபில் பாக்டீரியா வளர்க்க ஊற்றுகிறோமே, அதே அகர்!

1986இல் தேசியப் பூங்கா வந்தது. ஒரே அறிவிப்பில் அந்தப் பெண்கள் தங்கள் வேலையிடத்தில் அத்துமீறுபவர்கள் ஆகிவிட்டார்கள். தீவுப் பக்கம் போனால் பிடிப்பார்கள், பாசியைப் பறிப்பார்கள், அபராதம் போடுவார்கள். காரணம் கேட்டால், பவளப்பாறை கெட்டுவிடும்.

பவளப்பாறை கெடுவது உண்மைதான். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. ஆனால் அதற்கு முக்கியக் காரணம், பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் டன் டன்னாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது. 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்துச் செத்ததற்குக் காரணம் கடல் சூடானது. கையால் பாசி பறித்த பெண்ணா கடலைச் சூடாக்கினாள்? அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, இரும்புச் சுரண்டியை விட்டார்கள். பாசி எடுக்கும் நாட்களை மாதத்துக்குப் பன்னிரண்டாகக் குறைத்துக்கொண்டார்கள். இப்படித் தனக்குத் தானே வரம்பு போட்டுக்கொண்ட டூரிஸ்ட் கூட்டம் ஒன்றை யாராவது காட்டுங்கள் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணத்துக்கு உள்ளே போக அனுமதி தரலாம் என்று பட்டியல் போடுகிறது. ஆராய்ச்சி, போட்டோகிராபி... அந்தப் பட்டியலில் சுற்றுலாவும் உண்டு. பாசி எடுத்துப் பிழைப்பது இல்லை. பார்த்து ரசிக்க வருபவனுக்குக் கதவு திறக்கும், வயிற்றுக்காக வருபவளுக்குத் திறக்காது. இதற்குப் பெயர் இயற்கைப் பாதுகாப்பாம்!

"படகுச் சுற்றுலாவால் உள்ளூர் மக்களுக்கும் வருமானம் வருகிறதே" என்பார்கள். வரட்டும், நல்லதுதான். படகு ஓட்டச் சிலர், டீக்கடை போடச் சிலர். ஆனால் கடலை அறிந்த ஒருத்தியின் சொந்தத் தொழிலைப் பிடுங்கிக்கொண்டு, வருகிறவர்களுக்கு டீ ஆற்றும் வேலையைக் கொடுப்பது முன்னேற்றம் ஆகாது. கொடைக்கானல் ஏரியாவது 1863இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓடையைத் தடுத்து உண்டாக்கியது. மன்னார் வளைகுடா யாரும் வெட்டிய குளம் இல்லை. உடைந்த பவளப்பாறை மறுபடி வளர வேண்டுமென்றால் பெரும்பாலான வகைகளில் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் சில சென்டிமீட்டர். ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் உடைப்பதை நம் ஆயுளுக்குள் திரும்பப் பார்ப்பது சந்தேகம்.

"இப்போது நாலைந்து படகுதானே" என்பது அடுத்த வாதம். கொடைக்கானலிலும் ஒரு காலத்தில் நாலைந்து கார்தான் வந்தது. கூட்டம் சேர்ந்த பிறகு வரம்பு போட்டால் என்ன ஆகும்? லாட்ஜ்காரர் எதிர்ப்பார், கடைக்காரர் கடையடைப்பார், கடைசியில் நீதிபதி வந்து வண்டி எண்ண வேண்டியிருக்கும். மலையிலாவது ரோட்டை மறித்து எண்ணலாம். கடலில் செக்போஸ்ட் எங்கே போடுவது?

ஆகவே வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, பாசி எடுக்கும் பெண்களின் உரிமையை எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த இடம், எத்தனை நாள், எந்த முறை என்பதை அவர்களையும் உட்கார வைத்து முடிவு செய்யட்டும். இரண்டு, அது நடக்கும் வரை எந்தத் தீவுக்கும் ஒரு டூரிஸ்ட் படகுகூடப் புதிதாக விடக் கூடாது. அதன் பிறகு விட்டாலும் எண்ணிக்கை வரம்பு முதல் நாளே வர வேண்டும். அந்த வரம்பு ஞாயிற்றுக்கிழமைக்குத் தளரக் கூடாது.

அடுத்த லீவுக்கு ராமேஸ்வரம் டூர் போட்டிருப்பவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். பாம்பன் பாலத்தைப் பாருங்கள், தனுஷ்கோடி மணலில் நடங்கள். குந்துகாலில் தீவுக்கு டிக்கெட் எடுக்கும் முன் கவுண்ட்டரில் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "சின்னப்பாலத்துப் பெண்களுக்கு இந்த டிக்கெட் கிடைக்குமா?"