அணங்கும் காதலும்

சித்திரப் படம் என்றவுடன் நம் இலக்கிய வட்டத்துப் பெரியவர்கள் முறுவலிப்பது வழக்கம். அது குழந்தைகளுக்குரியது, எலியும் பூனையும் துரத்தி விளையாடுவது, அதனைப் பற்றி எழுத இலக்கியப் பக்கத்தில் இடமேது என்பது அவர்கள் எண்ணம். "வயது வந்தோருக்குரிய சித்திரத் தொடர்" என்று எவரேனும் சொல்லிவிட்டாலோ முறுவல் மறைந்து முகம் சுளிக்கும். வயது வந்தோருக்குரியது என்னும் தொடர் நம்மிடையே ஒரே பொருளைத்தான் பெற்றிருக்கிறது. முதிர்ந்த மனத்தாலேயே தாங்கத்தக்க பொருளையுடையது என்று அதற்கு நேரான பொருள் ஒன்று உண்டென்பதை நாம் மறந்தே விட்டோம்.

"அயகாஷி" என்னும் யப்பானியத் தொடரை முன்வைத்து இவ்விரு சாராருடனும் வழக்காட விரும்புகிறேன். அயகாஷி என்றால் மாயத்தோற்றம், பேயுரு என்று பொருள். தோயெய் நிறுவனம் தயாரித்த இத்தொடர், 2006 ஆம் ஆண்டு ஜனவரி தொடங்கி மார்ச் வரை, பூஜி தொலைக்காட்சியிலே பின்னிரவு வேளையில் 11 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அந்நிலையம் வளர்ந்தோரைக் கருத்திற்கொண்டு சித்திரத் தொடர்களுக்கென ஒரு நேரத்தை ஒதுக்கி, 'அனிமேஷன்' என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துக்களைக் கடையிலிருந்து முதலாக அடுக்கி 'நொயிட்டமினா' என்று அதற்குப் பெயரும் சூட்டியிருந்தது. அயகாஷியில் மூன்று கதைகள் உள. மூன்றிலும் பேய் உண்டு. மூன்றிலும் காதலோ, காதலென்று பேசப்படுவதோ உண்டு.

இவ்விரண்டையும் ஒரே கலத்திற் பெய்வது முறையா என்பதே முதல் வினா. வடமொழி அலங்கார நூலார் இதனை ஒப்பார். சிருங்காரத்துக்குப் பகையான சுவைகளுள் பயானகத்தையும் வைத்தெண்ணியவர்கள் அவர்கள். இன்பச்சுவை ஊறிவரும் நெஞ்சில் அச்சம் புகுந்தால் முன்னையது வற்றிவிடும் என்பது அவர்தம் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. இன்றைய திரைப்படங்களிலே காதற்பாட்டின் நடுவே திடீரென ஒரு கோரமுகம் தோன்றும்பொழுது நாம் துள்ளி எழுகிறோம், பின்பு சிரிக்கிறோம். அங்கே இரு சுவையும் கெட்டொழிகின்றன.

ஆயின் தமிழ் நமக்கு வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சத்தை வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதலில் நிற்பது அணங்கு. வள்ளுவரோ காமத்துப்பாலின் முதல் அதிகாரத்துக்குத் தகையணங்குறுத்தல் என்று தலைப்பிட்டார். அச்சத்துக்கு முதற்காரணமாக ஓராசிரியர் கூறிய சொல்லே காதலின் தலைவாயிலில் இன்னோராசிரியரால் நிறுத்தப்பட்டிருக்கிறது. வருத்தும் தெய்வமும் அணங்கு. வருத்தும் அழகும் அணங்கு. ஒருவர் கையில் நம்மை முற்றாக ஒப்படைத்துவிட்ட நிலையே இரண்டுக்கும் பொதுவானது. அந்த நிலை இனிக்கும்பொழுது காதல் என்கிறோம். ஒப்படைத்த கை நம்மை நெரிக்கத் தொடங்கும்பொழுது அச்சம் என்கிறோம். அயகாஷியின் கதைகள் இவ்வுண்மையின்மேல் நிற்கின்றன என்பது என் துணிபு.

முதற்கதை "யொத்ஸுயா கைடான்". ஸுருயா நம்போக்கு என்னும் நாடகாசிரியர் எழுதி, எடோ நகரத்து நக்கமுரா அரங்கிலே 1825 ஆம் ஆண்டில் முதன்முறை ஆடப்பட்ட கபுக்கி நாடகம் இது. தன் தலைவனுக்காகப் பழிவாங்கிய நாற்பத்தேழு வீரரின் கதையாகிய "சூஷிங்குரா"வுடன் இணைத்து, இரண்டு நாள் நிகழ்ச்சியாக இதனை அன்று மேடையேற்றினர். அந்த இணைப்பிலேயே ஓர் எள்ளல் இருக்கிறது. அங்கே விசுவாசம் கொண்டாடப்படுகிறது. இங்கே அதே தலைவனின் வீட்டைச் சேர்ந்த இயெமொன் என்பவன், தலைவனை இழந்து வறுமையுற்றுக் குடை ஒட்டிப் பிழைக்கிறான். ஈற்றில் பகைவன் வீட்டுச் செல்வத்துக்கே விலைபோகிறான். வீரயுகத்தின் மறுபக்கத்தை மக்கள் அடுத்தடுத்துப் பார்த்தனர்.

இயெமொனின் மனைவி ஓயிவா. அவளுடைய தந்தையைக் கொன்றவன் இயெமொனே. கொன்றுவிட்டு, கொன்றவனைத் தேடிப் பழிவாங்குவேன் என்று அவளுக்கு வாக்களித்து அவளுடன் வாழ்கிறான். இல்லறம் முழுவதும் ஒரு பொய்யின்மேல் எழுந்தது. குழந்தை பெற்று மெலிந்து கிடக்கும் அவளுக்கு அயல்வீட்டார் மருந்து அனுப்புகின்றனர். அவ்வீட்டுப் பெண் ஓவுமே இயெமொன்மேல் மையல் கொண்டவள். மருந்து எனப்பட்டது முகத்தைச் சிதைக்கும் நஞ்சு. ஓயிவா அதனைக் கைகூப்பி வாங்கி, பொதியில் ஒட்டிய துகளையும் வீணாக்காது உள்ளங்கையில் தட்டிப் பருகும் காட்சியைக் கபுக்கி நடிகர்கள் மிக நிதானமாக நடிப்பர். பேய் வருவதற்கு இன்னும் நெடுநேரம் இருக்கிறது. ஆயினும் நாடகத்தின் பேரச்சம் அந்தக் கைகூப்பலில் இருக்கிறது.

நாடகத்தில் இன்னொரு செய்தி உண்டு. புதுமணத்துக்குப் பணம் வேண்டி இயெமொன் வீட்டுப் பொருள்களை வாரிச் செல்லும்பொழுது, குழந்தையை நுளம்பு கடிக்குமே என்று ஓயிவா நுளம்புவலையை விடாது பற்றிக்கொள்கிறாள். அவன் இழுக்கிறான், அவளுடைய நகங்கள் பிய்ந்து வலையோடு போகின்றன. இதை எழுதிய கைக்கு வறுமை எத்தகையதென்று தெரிந்திருந்தது. பேயுலகைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு நம்போக்கு காட்டியது அடைவு வைக்கப்படும் வீட்டைத்தான்.

பின்னர் வருவது தலைவாரும் காட்சி. கபுக்கி மரபில் கூந்தல் வாருதல் காதற்காட்சிக்குரியது. காதலி காதலனின் தலையைக் கோதி வாரிவிடும் நெகிழ்ச்சிக்கென்றே அமைந்த ஒரு வாய்பாடு. நம்போக்கு அதனை அப்படியே எடுத்தார். உண்மையறிந்த ஓயிவா, அயல்வீட்டாருக்கு முன் மானமுள்ள மனைவியாகச் சென்று நிற்க வேண்டுமென்று, பற்களுக்குக் கறைதீட்டிச் சீப்பை எடுக்கிறாள். வாரவாரக் கூந்தல் கற்றை கற்றையாக உதிர்கிறது. உதிர்ந்ததைப் பிழிய இரத்தம் சொட்டுகிறது. சிருங்காரத்தின் கருவிகள் ஒன்றும் மாறவில்லை. சீப்பும் கண்ணாடியும் கூந்தலுமே பயானகத்தின் கருவிகளாகிவிட்டன. அலங்கார நூலார் பகையென்ற இரு சுவையும் ஒரே செயலில் நிற்கின்றன. ஒன்றையொன்று கெடுக்கவும் இல்லை.

சித்திரத் தொடர் இக்கதையை நான்கு பகுதிகளிற் சொல்கிறது. நாடகாசிரியர் நம்போக்குவையே கதை சொல்பவராக நிறுத்தியிருப்பதும், இந்நாடகத்தை நடித்தோரைப் பற்றி வழங்கும் சாபக்கதைகளை ஈற்றிலே ஆராய்வதும் நல்ல உத்திகள். பாத்திரங்களின் மூலவடிவைத் தீட்டியவர் புகழ்பெற்ற ஓவியர் யொஷிதக்கா அமனோ. ஆனால் அவருடைய தூரிகையின் நுண்மை அசைவில் நிலைக்கவில்லை. பல இடங்களில் உருவங்கள் விறைத்து நிற்கின்றன. கதையின் வலிமையே தொடரைத் தாங்கிச் செல்கிறது.

இரண்டாவது "தென்ஷு மொனொகத்தாரி", கோட்டைக் கோபுரத்தின் கதை. இஸுமி கியோக்கா 1917 இல் வெளியிட்ட நாடகம். ஆசிரியர் 1939 இல் மறைந்தார். நாடகம் மேடையேறியது 1951 இலேதான். ஹிமேஜிக் கோட்டையின் உச்சித் தளத்தில் மானிடரல்லாத தொமி இளவரசி வாழ்கிறாள். ஓடிப்போன வல்லூறு ஒன்றைத் தேடி ஸுஷோநொஸுகே என்னும் இளைஞன் அங்கே ஏறி வருகிறான். நாடகத்தின் தொடக்கத்தில் இளவரசியின் தோழியர் வெண்பனித் துளியை இரையாக மாட்டிக் கோபுரத்திலிருந்து தூண்டில் போட்டு இலையுதிர்காலப் பூக்களைப் பிடிக்கின்றனர். சற்றுப் பின்னர், விருந்தாக வரும் இன்னோர் இளவரசி, வெட்டிய தலையொன்றைப் பரிசாகக் கொண்டுவருகிறாள். பூவும் தலையும் ஒரே தளத்தில், ஒரே மரியாதையுடன்! கீழே மனிதர் வாழும் தளங்களிலேயோ ஐயமும் கட்டளையும் கொலையும் நிறைந்திருக்கின்றன. இளைஞன் அஞ்சவேண்டியது அணங்கை அன்று. தன்னை ஆளும் இறையை. தொல்காப்பியரின் பட்டியலில் முதலாவதும் நாலாவதும் இங்கே எதிரெதிர் நிற்கின்றன.

இந்த அருமையைத் தொடர் தவறவிட்டது என்றே சொல்வேன். மேல்தளத்தாரை மறக்கப்பட்ட தெய்வங்கள் என்றாக்கி, இளைஞனுக்குக் கீழே ஒரு நிச்சயித்த பெண்ணையும் சேர்த்து, முக்கோணக் காதலாகக் கதையை மாற்றிவிட்டனர். கண்ணீர் பெருகிற்று, வியப்பு குன்றிற்று. காதலையும் அச்சத்தையும் கலக்கும் தொடர் என்ற பெயருக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும் இந்நான்கு பகுதிகளே மூன்றனுள்ளும் தளர்ந்தவை.

மூன்றாவது கதை "பக்கெநெக்கோ", பூனைப்பேய். பழைய நாடகத்தைத் தழுவாது புதிதாக எழுதப்பட்டது. இயக்கியவர் கெஞ்சி நக்கமுரா. மூன்றே பகுதிகள். கடதாசியின் இழைகள் தெரியும் பரப்பில், பழைய மரக்கட்டை அச்சுச் சித்திரங்களின் வண்ணங்கள் அசைகின்றன. சக்காய் என்னும் வீட்டில் திருமணம். மணமகள் வாசலைக் கடக்கும்பொழுதே விழுந்து இறக்கிறாள். மருந்து விற்க வந்த ஊர்சுற்றி ஒருவன், இது பேயின் செயல் என்கிறான். அவனிடம் ஒரு வாள் இருக்கிறது. ஆனால் பேயின் வடிவு, நிகழ்ந்த உண்மை, அதற்கான காரணம் ஆகிய மூன்றும் வெளிப்படும்வரை அந்த வாள் உறையைவிட்டு எழாது.

இந்த ஒரு நிபந்தனையிலே கதை வேறொரு தளத்துக்கு உயர்ந்துவிடுகிறது. பேயோட்டி நீதிபதியாகிறான்; வீட்டார் சாட்சிகளாகின்றனர். சாட்சிகள் பொய் சொல்கின்றனர். பல்லாண்டுகளுக்கு முன், தமாகி என்னும் பெண்ணை அவளுடைய மணநாளிலேயே கவர்ந்துவந்து, வீட்டினுள் மறைவான அறையில் அடைத்துவைத்திருந்தான் இவ்வீட்டுப் பெரியவன். அவளுக்குத் துணையாயிருந்தது ஒரு பூனைக்குட்டி. ஈற்றில் அவள் அடியுண்டு இறந்தாள். முதியவன் இதனைச் சொல்லும்பொழுது தன் செயலை அன்பின் கதைபோலவே சொல்கிறான். அவன் குரலில் உருக்கமுண்டு. கேட்போர் ஒரு கணம் இரங்கவும் கூடும். வாளோ எழவில்லை; சொன்னது உண்மையன்று.

காதல் என்னும் சொல்லைக் குற்றவாளி தன் காப்பாகப் பிடித்துக்கொள்ளும் இடம் இது. ஓயிவாவின் கதையில் காதல் வஞ்சிக்கப்பட்டது; இங்கே வஞ்சனையே காதலென்று பெயர் பூண்டது. என் மாணவர்க்கு நான் காட்ட விரும்புவது இந்தக் காட்சியைத்தான். காதலென்று பேசப்படுவதெல்லாம் காதலன்று எனப் பத்து மேடைகளில் முழங்குவதைக் காட்டிலும், உறையிற் கிடந்து அசையாத அந்த வாள் அவர்களுக்கு விளங்கும். பதின்மூன்று வயதுச் சிறாருக்குக் காட்டமாட்டேன். உயர்தர வகுப்பினருக்குக் காட்டத் தயங்கவும் மாட்டேன்.

இனி ஒரு தடை. நீதி கேட்பதற்குப் பெண் இறக்கத்தான் வேண்டுமா? ஓயிவாவும் இறந்த பின்னரே வலிமை பெறுகிறாள். தமாகிக்காகப் பேசுவதும் ஒரு பூனையின் ஆவியே. நம் பழையனூர் நீலியும் கொலையுண்ட பின்புதான் கணவனைத் தொடர்ந்தாள். உயிரோடிருந்தபொழுது வாய்திறவாத ஊர், இறந்தபின் பேய்க்கு அஞ்சித் தன் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்கிறது. பேய்க்கதை ஊராருக்குக் கிடைத்த மலிவான பிராயச்சித்தம் என்று கூறுவோர் உளர். இத்தடையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். நம்போக்குவின் நாடகத்துக்கு இது பெருமளவு பொருந்தும். இயெமொன் புதுமண இரவில் மணமகளின் முகத்தில் ஓயிவாவின் முகத்தைக் கண்டு வாளை வீசுவதைப் பார்த்துக் களிப்போர், நுளம்புவலையைக் கண்டபொழுது என்ன செய்தனர் என்று கேட்கத்தான் வேண்டும்.

இத்தடைக்கு விடை தேடியவர்களும் பூனைப்பேயைப் படைத்த கலைஞர்களே போலும். அந்த மருந்து வணிகனையே நாயகனாக்கி 2007 ஆம் ஆண்டில் அவர்கள் "மொனொனொக்கே" என்று 12 பகுதிகள் கொண்ட தனித்தொடர் ஒன்றை வெளியிட்டனர். அதில் "நொப்பெராபோ", முகமற்றது, என்றொரு கதை உண்டு. ஓச்சோ என்பவள் கணவன் வீட்டாரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிருக்கிறாள். நரிமுகமூடி அணிந்த ஒருவன் அவளைக் காதலிப்பதாகக் கூறி மீட்டுச் செல்கிறான். திருமணமும் பேசப்படுகிறது. மருந்து வணிகன் விடாது வினவுகிறான். வினாக்களின் முடிவில் தெரியவருவது இது: கொலையுண்டவர் பிறர் அல்லர். தாயின் விருப்பத்துக்காகத் தன்னைச் செதுக்கிக்கொடுத்து, மணந்து சென்ற வீட்டின் அடுக்களையிலே நாள்தோறும் சிறிது சிறிதாகத் தன்னையே கொன்றுவந்தாள் ஓச்சோ. முகமற்ற பேய் அவளே.

பேய் இருக்கிறது, இறந்தவர் எவரும் இல்லை. அவள் அடுக்களைப் பலகணிவழியே வெளியே பார்க்கிறாள். பின்னர் உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் குரல்கள் அழைக்கின்றன. அடுக்களை வெறுமையாக இருக்கிறது.