வெயில் செய்த கேடு, பனியில் தெரியும்

நல்லேப்பிள்ளியிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியே மூணாற்றுக்குச் சரக்கு வண்டி செலுத்தும் அன்பர்கள், தை மாத விடியலில் இயந்திரம் கிளம்பாவிடில் பனியின்மீது பழி சுமத்துகின்றனர். ஒரு நாள் வாடகை போன வயிற்றெரிச்சல்! ஆயினும் பழி பனிக்குரியதன்று.

பாட்டரியைக் கெடுப்பது நம் கணவாய்ப் பகுதியின் பங்குனி, சித்திரை வெயிலே. ஈய அமில பாட்டரிக்கு உகந்த வெப்பம் 25 பாகை செல்சியஸ். அதற்குமேல் 10 பாகை கூடி நிலைத்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தகடுகள் அரிக்கும், நீர் வற்றும். இங்ஙனம் நலிந்த பாட்டரி ஆண்டு முழுதும் ஒருவாறு உழைத்துவிடும். 0 பாகைக் குளிரில் திறன் ஐந்திலொரு பங்கு குறைய, எண்ணெயும் தடித்து இயந்திரம் சுழலக் கடினமாகும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

ஆகவே மாசியிலேயே விழித்துக்கொள்க. வண்டியை நிழலில் நிறுத்துக. மூடி திறக்கும் வகையாயின், பாட்டரி ஆறியபின் குறியளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் வார்க்க. கிணற்று நீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். பீடியை அணைத்துவிட்டுத் திறப்பீர்களாக; உள்ளிருந்து வருவது தீப்பற்றும் வாயு. இன்வெர்ட்டர் உள்ள இல்லத்தார் அதன் பாட்டரியைத் தகரக் கூரையின் கீழோ, அடுப்படிச் சுவரையொட்டியோ வைத்தலாகாது.

மலையில் இரவு தங்குவோர் மின்னேற்றம் குறையாது பார்த்துக்கொண்டால் போதும்; முழு மின்னேற்றமுள்ள பாட்டரி மூணாற்றுப் பனியில் உறைவதில்லை.