கழற்றிய நிலையும் கசியும் ஓடும்

செட்டிநாட்டு ஊர்களில் இருக்கும் பங்காளிகளுக்கும், பெரிய வீட்டுச் சாவிக்கொத்தை இன்னும் இடுப்பில் செருகி வைத்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், ஹைதராபாத்திலிருந்து ஓர் ஊர்க்காரர் எழுதும் திறந்த மடல்.

இதை எழுதுபவரைப் பிள்ளைகள் சமீபத்தில் ஜூப்ளி ஹில்ஸ் பக்கம் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் தேக்கு நிலை. மேல் சட்டத்தில் கஜலட்சுமி, இரு பக்கமும் யானைகள், ஓரத்தில் கொடிக்கருக்கு. மேசைக்குப் போகாமல் மனிதர் நிலையையே சுற்றிச் சுற்றி வந்தார். உள்பக்கம், கண்ணுக்குச் சட்டென்று படாத இடத்தில், சாக்பீஸால் எழுதிய ஓர் எண். அதை ஒட்டி, சுவரிலிருந்து பெயர்த்தபோது கடப்பாரை பட்ட வடு. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் மரத்தின் நிறம் வேறு. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் யாரோ ஓர் ஆச்சி மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து ஏறிய நிறம். வார்னிஷ் போட்டவனால் அதைப் போக்க முடியவில்லை. “ஆன்டிக் சார், காரைக்குடி ஐட்டம்” என்றான் பரிமாற வந்த பையன், பெருமையாக. விலையும் சொன்னான். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு வீட்டு நிலை கழன்றுவிடும்.

மடல்காரர் செகந்திராபாத் பத்மாராவ் நகரில் குடியேறி இருபத்தாறு வருடம் ஆகிறது. தமிழனுக்கு அது அந்நிய இடம் இல்லை. பேட்டைக்கே திவான் பகதூர் பத்மாராவ் முதலியார் பெயர்தான். பக்கத்தில் இருக்கும் மகபூப் கல்லூரியை 1862இல் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். அமெரிக்கா போவதற்கு முன்னால், 1893 பிப்ரவரியில், விவேகானந்தர் பேசியது அங்கேதான். மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழர்கள் கட்டிய பழைய வீடுகள் சில இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் நிற்கின்றன. பல நிற்கவில்லை. காலை நடையில் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இந்த மடல் எழுதும் யோசனையே வந்தது.

ஹைதராபாத்தில் பிரபுக்களின் வீட்டுக்குத் தேவடி என்று பெயர். வெளியே மதில், உயர்ந்த வாசல், ஆண்கள் வந்து பேசிப்போக முன்கட்டு, பெண்களுக்கு உள்கட்டு, நடுவே வானம் பார்த்த முற்றம். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் அறிந்த நமக்கு அந்த அமைப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சார்மினார் பக்கம் 1845இல் கட்டிய மால்வாலா தேவடி என்று ஒன்று இருந்தது. மரவேலைக்குப் பேர் பெற்றது. 2000ஐ ஒட்டி அது இடிபட்டது. அந்த இடம் வணிகத்துக்குப் போனது. இப்படிப் போன தேவடிகளின் கதையைக் கேட்டால் மழை, கரையான் என்று தொடங்குவார்கள். இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தால் விஷயம் வெளியே வரும்: பாகம் பிரிக்க முடியவில்லை, விற்றுக் காசாகப் பிரித்துக்கொண்டோம்.

அதனால்தான் சௌமஹல்லா அரண்மனையின் கதையை ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மடல்காரர் நினைக்கிறார். அரண்மனைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். சிக்கல் ஒன்றுதான்.

நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1967இல் காலமானார். பேரன் முகர்ரம் ஜா பட்டத்துக்கு வந்தார். சொத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான உரிமைக்காரர்களும் வழக்குகளும் வந்தன. அவர் ஆஸ்திரேலியாவில் ஆட்டுப்பண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அரண்மனை பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டில் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. பிறகு, முன்பே மணவிலக்கு ஆகியிருந்த அவர் மனைவி எஸ்ராவே திரும்பி வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் முதலில் கூப்பிட்டது கொத்தனாரை இல்லை, வழக்கறிஞரை. விஜய் சங்கர்தாஸ் என்ற அந்த வழக்கறிஞர் உரிமைக்காரர்களோடு பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கட்டடக்கலைஞர் ராகுல் மெஹ்ரோத்ராவும், உள்ளூரில் சூரியநாராயண மூர்த்தியும் வேலையில் இறங்கினார்கள். 2005இல் அரண்மனை பொதுமக்களுக்குத் திறந்தது. 2010இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வந்தது.

அங்கே போகிறவர்கள் தர்பார் மண்டபத்தின் 19 சரவிளக்குகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மடல்காரருக்குப் பிடித்தது நுழைவாயில் மேலிருக்கும் கடிகாரம். சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய இயந்திரம். கடிகாரம் பழுதுபார்க்கும் குடும்பம் ஒன்று வாராவாரம் வந்து சாவி கொடுக்கிறது. நம் பெரிய வீட்டு முகப்பிலும் ஒரு சுவர்க்கடிகாரம் உண்டு. அது ஐயா காலமான வருடம் நின்றது.

முகர்ரம் ஜா 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் இறந்தார். உடலை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்து ஊர் பார்ப்பதற்காக வைத்தது சௌமஹல்லாவில். வெளியூர் போனவர் கடைசியாகத் திரும்பி வந்து படுக்க, கூரை ஒழுகாத ஒரு வீடு இருந்தது.

இனி சுண்ணாம்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்; நம் வீட்டில் நடந்த தவறும் இதில்தான்.

கோல்கொண்டா கோட்டைக்குப் பக்கத்தில் குதுப் ஷாஹி சுல்தான்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 2013 முதல் ஆகா கான் அறக்கட்டளை மாநிலத் தொல்லியல் துறையோடு சேர்ந்து அதைச் சீரமைத்தது. 2024 ஜூலையில் வேலையை முடித்து ஒப்படைத்தார்கள். வேலை நடந்த நாட்களில் மடல்காரர் பல ஞாயிற்றுக்கிழமைகளை அங்கே கழித்தார். புதிதாகப் பூசுவதை வேடிக்கை பார்க்கத்தான் போனார். பார்த்தது பெரும்பாலும் சுரண்டுவதை. இருபதாம் நூற்றாண்டில் ‘பழுது பார்க்கிறேன்’ என்று யார் யாரோ அப்பிய சிமெண்டைச் சுத்தியலும் உளியும் வைத்து, அடியில் இருக்கும் பழைய பூச்சு உதிராமல், அங்குலம் அங்குலமாக எடுத்தார்கள். எடுத்த இடத்தில் திரும்பவும் சுண்ணாம்பு. இங்கே அதற்கு டங்கு சுன்னம் என்று பெயர். அந்த வளாகத்தின் பெரிய கிணறு 2013 மழையில் ஒரு பக்கம் சரிந்தது. அதையும் எடுத்துக் கட்டினார்கள். கோல்கொண்டாவின் படிக்கிணறுகளைச் சீரமைத்ததற்கு 2022இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

சுண்ணாம்பு ஏன் என்று மேஸ்திரி ஒருவரிடம் மடல்காரர் கேட்டார். “சுவர் மூச்சு விட வேண்டாமா?” என்றார் அவர், தெலுங்கில். கவிதை மாதிரி இருந்தாலும் அது வெறும் வேதியியல்தான். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் உள்ளிருக்கும் கரியமில வாயு போய்விடும். தண்ணீர் ஊற்றித் தாளித்து, அரைத்து, சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும். ஆனாலும் நுண்துளைகள் இருக்கும். தரையிலிருந்து செங்கல் வழியாக ஏறும் ஈரம் அந்தத் துளைகளில் ஆவியாகிப் போகும். மேலே சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் உயரமாக ஏறுகிறது. அதில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலையே தின்கிறது. வெளியே பளபளப்பு, உள்ளே பொடி.

நம் பெரிய வீட்டில் நடந்தது இதேதான். ஒரு கல்யாணத்துக்காக அவசர அவசரமாக வேலை விட்டோம். பட்டாலை என்கிற கூடத்துச் சுவரின் அடியில் ‘லேசாக ஓதம்’ என்று ஒப்பந்தக்காரர் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசினார். மேலே எமல்ஷன் அடித்தார். ஓதத்துக்கு மேலே இருந்தது முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு. மணல் கலந்த சுண்ணாம்பில் முதல் பூச்சு, அதற்கு மேல் நைஸாக அரைத்தது, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய வேலை. சித்திரை வெயிலில் முதுகைச் சாய்த்தால் பானையில் சாய்ந்த மாதிரி இருக்கும். முகம் தெரியும் அந்தச் சுவரில். மூன்றே மழைக்காலம், ஓதம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறி, முட்டைப் பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. ஒப்பந்தக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணத்துக்குள் முடியுங்கள் என்று ஹைதராபாத்திலிருந்து போனில் அவசரப்படுத்தியவர் இந்த மடலை எழுதுகிறவர்தான்.

காப்பாற்றுவது என்றால் ஒன்றையும் தொடாமல் வைப்பது என்று ஒரு கட்சி உண்டு. மடல்காரர் அந்தக் கட்சி இல்லை. கழிப்பறை வேண்டும், வயரிங் மாற்ற வேண்டும், அடுப்படியில் பெண்கள் நின்று சமைக்க மேடை வேண்டும். தொட்டால் போய்விடும் என்று பூட்டி வைத்த வீடுகள்தான் முதலில் போகின்றன. ஹைதராபாத் இதற்கும் சாட்சி. கோட்டியில் இருக்கும் பிரிட்டிஷ் ரெசிடென்சி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய ரெசிடென்ட் கிர்க்பாட்ரிக் கட்டியது. 1949க்குப் பிறகு பெண்கள் கல்லூரி ஆனது. பெஞ்சு போட்டுப் பிள்ளைகள் படித்தவரை கட்டடத்துக்கு ஆள் இருந்தது. பழுது முற்றி, 2002இல், உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. சீரமைத்துத் திரும்பத் திறக்க 2023 ஆயிற்று.

அரண்மனை அளவுக்கெல்லாம் போக வேண்டாம் என்றால் பஞ்சாரா ஹில்ஸில் லாமகான் இருக்கிறது. ஆவணப்பட, புகைப்படக் கலைஞர் மொயித் ஹசன் வாழ்ந்த வீடு. பாறையை உடைக்காமல் பாறையோடு சேர்த்துக் கட்டியது. அவருக்குப் பிறகு, அந்தச் சுற்றுவட்டாரத்தின் மனை விலையில் வேறு யாராக இருந்தாலும் அடுக்குமாடி எழுப்பியிருப்பார்கள். அவர் உறவினர் அஷ்ஹர் ஃபர்ஹானும் நண்பர்களும் 2010இல் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். முற்றத்தில் நாடகம், கச்சேரி, சண்டை சச்சரவோடு விவாதம், குறைந்த விலையில் டீயும் சமோசாவும். பெரிதாக அலங்காரம் ஒன்றும் இல்லை. கல் கல்லாக, மரம் மரமாக இருக்கிறது. மடல்காரருக்கு அந்த முற்றத்தில் உட்காரும்போதெல்லாம் வளவில் கல்யாணப் பந்தி நடந்த சத்தம் கேட்கும்.

நம் பக்கத்திலும் வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். கானாடுகாத்தானில், மகள் விசாலாட்சிக்காகத் தகப்பன் கட்டிய விசாலம் இன்று விடுதி. கோத்தமங்கலத்தில் 1910இல் எழுந்த சாரதா விலாஸைப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் இருவர் எடுத்துச் சீர்செய்தார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் எவ்வளவு தூரம்? ஒரு மினி லாரி தூரம். பட்டியலில் ஊர் ஏறுகிறது, லாரியில் தூண் ஏறுகிறது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றிச் செய்யும் தரைக்கல், ஹைதராபாத்தில் புதிய வில்லாக்களுக்கு ஆசையாக வருகிறது. நம்மில் சிலரோ அதே கல்லைப் பெயர்த்துவிட்டு வழுக்குகிற விட்ரிஃபைட் டைல்ஸ் போடுகிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1942இல் பர்மாத் தொழில் கையைவிட்டுப் போனதோடு இவ்வளவு பெரிய வீட்டைத் தாங்கும் வரும்படியும் போனது. எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பொதுவான வீட்டுக்கு ஒரு புள்ளி மட்டும் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஆனால் முழு வீட்டையும் ஒரே மூச்சில் எடுக்கச் சொல்லவில்லை. முதல் வருடம் கூரை மட்டும். ஓட்டைப் பிரித்து, உளுத்த சட்டத்தை மாற்றி, உடையாத நாட்டு ஓட்டையே திரும்ப அடுக்கி மேய வேண்டும். ஓடு மேயத் தெரிந்த கை ஊரில் இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது. கூரைக்கூடல்களின் தகரக் கால்வாயை மாற்ற வேண்டும். தண்ணீர் சுவருக்குள் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். அடுத்த வருடம் பட்டாலைச் சிமெண்டைச் சுரண்டுவது. வண்ணம், மெருகு, சரவிளக்கு எல்லாம் கடைசியில்.

கடைக்காரர் ஒருவர் நம் முகப்பு நிலையைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் முன்பணம் தரத் தயாராக இருப்பதாகவும் செய்தி வந்தது. யார் கூட்டி வந்தார்கள் என்று மடல்காரர் கேட்கவில்லை. அந்தத் தொகையைக் கூரைக்குப் போடலாம் என்று நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். வாசலை விற்றுக் கூரை போடுவதற்கு முன்னால் எட்டுப் புள்ளியும் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம். மாசியில் முன்னோர் படைப்புக்கு அவர் வருகிறார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, முகப்பிலேயே. மெல்போர்னிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறவர்களைப் போனில் பிடித்துக்கொள்ளலாம். தன் பங்குக்குக் கூரைச் செலவில் கால் பாகத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதற்குள் ஒரு சின்ன உதவி. வளவின் வடமேற்கு மூலையில், ஒழுகுகிற இடத்தில், போன ஐப்பசியில் ஒரு பித்தளை அண்டா வைத்துவிட்டு வந்தார். மேற்கே தோட்டத்துக் கதவுச் சாவி முத்து அண்ணன் வீட்டில் இருக்கிறது. யாராவது போய் அண்டாவில் தண்ணீர் எந்த வளையம் வரை நிற்கிறது என்று பார்த்து, கொட்டிக் கவிழ்த்துவிட்டு, ஒரு வரி எழுதிப் போடவும்.