அழைத்து வந்த வினை

சப்பாத்திக் கள்ளியை நம்மில் பலர் ஆதிநாள் தொட்டு இந்த மண்ணில் முளைத்த செடியென்றே எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று, அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம்.

கள்ளியை உண்டு வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து உயர்ந்த சிவப்புச் சாயம் எடுப்பதுண்டு. அந்த வியாபாரம் ஸ்பெயின் தேசத்தார் வசமிருந்தது. அதில் ஆசை கொண்ட கிழக்கிந்தியக் கும்பினியார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வளர்த்தார்கள். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சியும் கல்கத்தா வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது மட்ட ரகம், சாயம் தேறவில்லை. அந்தப் பூச்சி ஓரினக் கள்ளியை அழித்ததேயன்றி மற்றோரினத்தைத் தொடவில்லை. அதுவோ மேய்ச்சல் நிலமெங்கும் பரவிற்று. பறவைகள் விதையைப் பரப்பின. ஒடிந்து விழுந்த மடலும் வேரூன்றிற்று. 1926-ல் அதற்கேற்ற வேறொரு பூச்சியை இலங்கையிலிருந்து தருவித்த பின்னரே, ஐந்தாறு ஆண்டுகளில் தென்னாட்டுக் கள்ளிக் காடுகள் மடிந்தன.

இதன் இரகசியம் எளியது. ஒவ்வோர் உயிருக்கும் பிறந்த இடத்தில் பகைவர் உண்டு. கடல் கடக்கையில் அது பகைவரை விட்டு வருகிறது, தடையின்றிப் பெருகுகிறது. 2008-ல் கோவைப் பக்கத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளிப் பயிர்களைச் சூறையாடிய மாவுப்பூச்சியின் கதையும் இதுவே. 2010-ல் அதன் பகையாகிய ஒரு சிறு குளவியைப் பரிசோதித்துத் தருவித்து விட்டபின், அத்தொல்லை தணிந்தது.

எல்லா வினைக்கும் இவ்வாறு மாற்றுக் கிடைக்குமா? சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். ஆடுமாடுகள் நெற்றைத் தின்று விதையைச் சுமந்து செல்கின்றன. வெட்டினால் மீண்டும் துளிர்க்கிறது. இராமநாதபுரச் சீமையிலோ, அதைக் கரியாக்கி விற்றே அடுப்பெரிக்கும் ஏழைகள் பலர். அவர்களுக்கு மாற்றுப் பிழைப்புக் காட்டாமல் மரத்தை அழிப்பது தருமமாகுமா? அன்னியத் தாவரங்களை அகற்றி நம் மரங்களை வளர்க்கத் தமிழ்நாட்டு அரசு 2022-ல் கொள்கை வகுத்திருக்கிறது; நல்லதே. வேரோடு பறித்த இடத்தில் உடனே நம் மரத்தை நடாவிட்டால், பழைய குடியே திரும்பி வந்துவிடும்.

வந்தபின் விரட்டுவதினும் வராமற் காப்பது எளிது. பூச்சியையும் நோயையும் துறைமுகத்திலேயே தடுக்க 1914-ம் ஆண்டிலேயே சட்டம் ஏற்பட்டது. ஆனால் பெட்டிக்குள் துணிமணிகளுக்கிடையே ஒளிந்து வரும் விதைப் பொட்டலத்தைச் சட்டம் எவ்வளவு தான் காணும்? ஏரி குளங்களை மூடி நிற்கும் ஆகாயத் தாமரையும், காட்டை அடைக்கும் உண்ணிச் செடியும் பூவழகுக்காக வரவழைக்கப்பட்டவையே. கடல் கடந்து திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து கல்வியைக் கொணரட்டும், கலைகளைக் கொணரட்டும். செடியையும் விதையையும் மட்டும் அதிகாரிகளின் சோதனைக்குக் காட்டாமல் கொணர வேண்டாம்.