சட்டம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதுமா?

"ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்" என்று கோர்ட்டு வழக்கைப் பற்றி நம் ஊர்களில் சொல்வார்கள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்று வருஷக்கணக்காக அலைந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் விவசாயி இனி வரப்புக்காக மட்டும் கோர்ட்டுப் படி ஏறப் போவதில்லை. விதைக்காகவும் ஏற வேண்டி வரலாம். குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த வழக்கு எந்தப் படியில் எப்படி நகர்ந்தது என்று நாம் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2019 ஏப்ரலில் பெப்சிகோ இந்தியா நிறுவனம் நான்கு விவசாயிகள் மேல் அகமதாபாத் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சிப்ஸ் போடுவதற்காகத் தான் பதிவு செய்து வைத்திருக்கும் எஃப்.எல். 2027 என்ற ரகத்தைத் தன் அனுமதி இல்லாமல் பயிர் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆளுக்கு 1.05 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கேட்டது. கிழங்கு விற்றுப் பிழைக்கிற குடும்பம் கோடிக்கு எங்கே போகும்?

இத்தனைக்கும் சட்டம் விவசாயி பக்கம்தான் இருந்தது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டத்தில் 39-ஆவது பிரிவு இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்கிறது அது. அந்த ரகத்தின் பெயரைப் போட்டு, பாக்கெட் கட்டி, முத்திரை விதையாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். 42-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் ஒரு விவசாயி அதை மீறியிருந்தால், அது மீறலாகாது. அவருக்கு எதிராக எந்த நீதிமன்றமும் நிவாரணம் தரக் கூடாது.

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தும் நடந்தது என்ன?

முதல் படியிலேயே அடி

வழக்கு என்பது வாதி பிராது தாக்கல் செய்வதில் தொடங்குகிறது. கூடவே இடைக்கால மனு ஒன்றும் போவது வழக்கம். 'வழக்கு முடியும்வரை எதிராளி இதைச் செய்யாமல் தடுங்கள்' என்று அதில் கேட்பார்கள். எதிராளிக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்டுத்தான் தடை கொடுக்க வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பொது விதி. அவசரம் என்று நீதிமன்றம் கருதினால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு ஒருதலைப்பட்சமாகவும் கொடுக்கலாம்.

அகமதாபாத்தில் அப்படித்தான் கொடுக்கப்பட்டது. விவசாயிகள் வாய் திறக்கும் முன்பே அந்த ரகத்தைப் பயிரிடவும் விற்கவும் இடைக்காலத் தடை வந்தது. மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வழக்கறிஞர் ஒருவர் கமிஷனராகப் போடப்பட்டார். 39-ஆவது பிரிவு அப்போதும் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதை நீதிபதி முன் எடுத்துவைக்க விவசாயி தரப்பில் யாரும் அந்த அறையில் இல்லை. என் கவலையே இந்த இடத்தில்தான். சட்டம் தானாக நடந்து கோர்ட்டுக்கு வராது. சரியான படியில் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும்.

அடுத்தது சம்மன். இதை வாங்க மறுத்துக் கதவைச் சாத்திக்கொள்வோர் நம்மில் உண்டு. சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு, சேர்ந்துவிட்டதாகவே கணக்கு வைப்பார்கள். பிறகு எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான். சாதாரண உரிமையியல் வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. வணிக நீதிமன்றத்தில் 120 நாள் தாண்டினால் எதிருரை சொல்லும் உரிமையே போய்விடும். அறுவடை நேரம், வீட்டில் கல்யாணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அதற்கப்புறம்தான் வழக்கின் நீண்ட பாதை ஆரம்பிக்கிறது. நீதிமன்றம் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று வழக்கெழு வினாக்களை வகுக்கும். ஆவணங்கள் குறியீடு செய்யப்படும். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு என்று போகும். அதன்மேல் மேல்முறையீடு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை, பஸ் செலவு, வக்கீல் செலவு.

குஜராத் வழக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஏப்ரல் 26 வாய்தாவில் நிறுவனம் சமரசம் பேசியது. இருக்கும் விதையை ஒப்படைத்துவிட்டு இனி பயிரிட மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள், இல்லை எங்கள் ஒப்பந்தச் சாகுபடியில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. விவசாயிகள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவில்லை, அவகாசம் கேட்டார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. சமரசத் தீர்ப்பு என்று பதிவாகிவிட்டால் அதன்மேல் மேல்முறையீடு செய்ய முடியாது. இதற்குள் விவசாய அமைப்புகள் நாடு முழுக்கக் குரல் கொடுத்தன. மே மாதத்தில் நிறுவனம் வழக்குகளை வாபஸ் வாங்கியது.

ஊரே கொண்டாடியது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாபஸ் என்பது தீர்ப்பு ஆகாது. 39-ஆவது பிரிவு அந்த விவசாயிகளைக் காக்குமா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றம் பதில் எழுதாமலேயே கட்டு மூடப்பட்டது.

வாபஸுக்குப் பிறகு ஐந்து வருஷம்

இதோடு விடக் கூடாது என்று விதை உரிமைக்காக உழைக்கும் கவிதா குருகந்தி, 2019-லேயே டெல்லியில் உள்ள பயிர் ரகங்கள் பாதுகாப்பு ஆணையத்தில் மனுப் போட்டார். நிறுவனத்தின் பதிவையே ரத்து செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. 2021 டிசம்பர் 3 அன்று ஆணையம் ரத்து செய்தது. ரகம் முதலில் விற்பனைக்கு வந்த தேதியைத் தவறாகக் கொடுத்தது, தேவையான ஆவணங்களைக் கொடுக்காதது எல்லாம் காரணங்களில் அடங்கும். நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2023 ஜூலையில் தனி நீதிபதி அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். நிறுவனம் அதே நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2024 ஜனவரி 9 அன்று அந்த அமர்வு, விண்ணப்பத்தில் இருந்த குறைகள் பதிவை ரத்து செய்யும் அளவுக்கானவை அல்ல என்று சொல்லி, ரத்து உத்தரவை நீக்கிவிட்டது.

ஆணையத்தில் ஜெயித்தோம், தனி நீதிபதியிடம் ஜெயித்தோம், அமர்வில் தோற்றோம். வழக்கு என்றால் இப்படித்தான். ஒரு படியில் கிடைத்தது அடுத்த படியில் போகலாம். ஒவ்வொரு படியிலும் சம்பளத்துக்கு வக்கீல் வைத்திருக்கும் கம்பெனிக்கு ஐந்து வருஷம் ஒரு செலவுக் கணக்கு. நமக்கு ஐந்து வருஷம் என்பது பத்துப் போகம்.

புது ரகம் உருவாக்கியவனின் உழைப்புக்கு மதிப்பு வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். போட்டிக் கம்பெனி அதைத் திருடி விற்றால் தடுக்கத்தான் பதிவு உரிமை. ஆனால் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தின் பெயரிலேயே விவசாயிகளின் உரிமையையும் சேர்த்து வைத்தது. கம்பெனியின் உரிமையை மட்டும் காட்டி, விவசாயியைக் கேட்காமலே தடை வாங்க முடிகிறது என்றால், சட்டத்தின் பாதிப் பெயர் அடிபட்டுப் போகிறது. ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: ரக உரிமையைக் காட்டி விவசாயி மேல் வழக்குப் போடுகிற யாரும், 39, 42-ஆவது பிரிவுகள் அவருக்கு ஏன் பொருந்தாது என்று முதல் மனுவிலேயே சொல்ல வேண்டும். விவசாயிக்கு நோட்டீஸ் கொடுக்காமல் தடை கொடுக்கக் கூடாது. இதை விதியாகவே எழுத வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. நம் கையில் இருப்பவை சில.

விதைக்கு ஒரு நோட்டு போடுங்கள். எந்த வருஷம், யாரிடம், எந்த ரகம், எத்தனை கிலோ வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதுங்கள். விதைத் திருவிழாவில் வாங்கினாலும் ஒரு துண்டுச் சீட்டு கேளுங்கள். இது என் சொந்த விளைச்சல், எனக்கு விவரம் தெரியாது என்று கோர்ட்டில் வாயால் சொன்னால் எடுபடாது. காகிதம் பேச வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தாலோ, வழக்கு வரும் என்று தெரிந்தாலோ உடனே கேவியட் மனுப் போடுங்கள். அது 90 நாள் செல்லும். அதற்குள் எதிராளி தடை கேட்டால் நம்மையும் கேட்டுத்தான் உத்தரவு போட வேண்டும். கமிஷனர் வயலுக்கு வந்தால் கூடவே நில்லுங்கள். எங்கே, எவ்வளவு மாதிரி எடுத்து எப்படி முத்திரை வைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் அறிக்கையில் தப்பு இருந்தால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

காசு இல்லையே என்று ஒதுங்காதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி மக்கள், வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையத்திலோ உயர் நீதிமன்றத்திலோ நடக்கும் நடவடிக்கைகளில் விவசாயிக்குக் கட்டணம் கிடையாது என்று 44-ஆவது பிரிவு சொல்கிறது. நம்மிடம் இருக்கும் பாரம்பரிய ரகங்களை விவசாயி ரகமாகப் பதிவு செய்யவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் பஞ்சகவ்யம், மீன் அமிலம் பேசி முடித்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வக்கீலைக் கூப்பிட்டு இந்த மூன்று பிரிவுகளையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்மன் வந்த பிறகு படிக்க உட்கார்ந்தால் நாள் போதாது.