ஐடியா இருந்தால் போதுமா?

கள ஆய்வுக்காக மாமல்லபுரம் பக்கம் போயிருந்தேன். டிகிரி முடித்த தலித் தம்பி ஒருவர் போனில் 'ஷார்க் டேங்க் இந்தியா' பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ஐடியா இருந்தா பணம் தானா வரும்ண்ணா" என்றார்.

திரையில் அமன் குப்தா. 2016-ல் 'போட்' பிராண்டைத் தொடங்கிய இருவரில் ஒருவர். இயர்போன் விற்று வளர்ந்தவர், இன்று மற்றவர்களின் ஸ்டார்ட்-அப்களில் முதலீடு செய்கிறார். அவர் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் சி.ஏ. படிப்பு, பன்னாட்டு வங்கி வேலை, எம்.பி.ஏ., அப்பாவோடு சேர்ந்து நடத்திய தொழில் எல்லாம் 'போட்'டுக்கு முன்பே அவரிடம் இருந்தன. விழுந்தாலும் தாங்கிக்கொள்ள ஒரு தளம் இருந்தது.

இந்த மாவட்டத்து தலித்துகளுக்கும் அப்படியொரு தளம் கிடைத்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அது காற்றில் போனது. பறிபோன நிலத்தைக் கேட்டுக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

நிலம் இருந்தால் படிக்க வைக்கலாம், வங்கியில் அடமானம் வைக்கலாம், ஒருமுறை தோற்றும் பார்க்கலாம். அந்தத் தம்பியிடம் ஐடியா இருக்கிறது. தோற்பதற்கான வசதிதான் இல்லை.

பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் 30 கோடி ரூபாய் புத்தொழில் நிதியை அறிவித்தது. வரவேற்போம். அதோடு நிற்க வேண்டாம். பஞ்சமி நிலத்தை அளந்து, மீட்டு, உரியவர்களிடம் கொடுங்கள். எங்களுக்கு வர வேண்டிய முதல் சுற்று முதலீடு அதுதான். 130 ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது.