நாடுகளின் நட்பும் நம் நெய்வேலியும்

நாடுகளுக்கிடையே நட்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது யாது? விமான நிலையத்தில் மாலை, மேசைமேல் இரு கொடிகள், கைகுலுக்கல், மறுநாள் நாளேட்டில் ஒரு படம். தூதுவர்கள் பார்த்துக்கொள்ளும் காரியம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நெல்லிக்குப்பத்தில் பிறந்த என்னால் அவ்வாறு புரட்ட இயலவில்லை. பண்ணுருட்டி வழியாகப் பேருந்தேறினால் நெய்வேலி. என் தாத்தா உழைத்த முதல் அனல் மின்நிலையம் அங்கேதான் இருந்தது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். சாதாரண நிலக்கரியை எரிக்கும் கொதிகலன் அதற்கு உதவாது. அத்தகைய கரியை எரித்துப் பழகிய நாடுகளின் துணை தேவைப்பட்டது. 1957இல் சோவியத் யூனியன் இந்தியாவுக்கு அளித்த கடனில் நெய்வேலி மின்நிலையமும் இடம்பெற்றது. வட்டி இரண்டரை விழுக்காடு. தவணை பன்னிரண்டு ஆண்டு. திருப்பிச் செலுத்துவதோ நம் ரூபாயில்! அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் நம்மிடமே தேயிலையும் தோலும் முந்திரியும் வாங்கினர். (அதில் நம் பண்ணுருட்டி முந்திரி எத்தனை மூட்டையோ!) 1962இல் 50 மெகாவாட்டில் தொடங்கிய நிலையம் 1970இல் 600 மெகாவாட்டாக வளர்ந்து நின்றது.

இனி, எனக்கு மிகவும் வியப்பளிக்கும் செய்திக்கு வருகிறேன். கரியை எரித்தது சோவியத் கொதிகலன். ஆனால் மண்ணை அகழ்ந்து கரியை எடுத்த பெரும் வாளிச்சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்டவை. நெய்வேலியில் கரி வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். அதே ஆகஸ்டில்தான் பெர்லின் நகரின் குறுக்கே சுவர் எழும்பத் தொடங்கியது. அங்கே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மறுத்த இரு முகாம்களின் இயந்திரங்களும், இங்கே ஒரே கன்வேயர் பெல்ட்டின் இரு முனைகளில் வேலை செய்தன! அணிசேராக் கொள்கை என்று வகுப்பில் படிக்கும்போது கொட்டாவி விடும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

"அவரவர் தம் நலத்துக்காகத்தானே உதவினர்?" என்று கேட்பவர் உண்டு. ஆம், நலம் இருந்தது. இந்தியா தம் பக்கம் சாய வேண்டும் என்ற எண்ணம் இருசாராருக்கும் இருந்தது. அந்நட்புக்காக நாம் சில வேளைகளில் பேச வேண்டிய இடத்தில் பேசாதிருந்தோம் என்பதும் என் கருத்து. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்தபோது நாம் காட்டிய தயக்கத்தை மறைப்பானேன்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வெளியேறிய சிற்றூர் மக்களிடம் இந்த நட்பின் இனிமையைப் பேசுவதும் எளிதன்று. ஆனால் நலம் கலந்த நட்பிலும் மனிதர் மனிதரிடம் தொழில் கற்றனர். அது பொய்யாகிவிடாது.

1991இல் சோவியத் யூனியன் என்ற நாடே மறைந்தது. அது கட்டித்தந்த மின்நிலையமோ மேலும் ஏறத்தாழ முப்பதாண்டுகள் உழைத்து, 2020இல்தான் முற்றிலும் ஓய்வு பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துச் சங்க இலக்கியத்தை ஆராய்ந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி கொரோனாவால் காலமானார். கூடங்குளத்தில் இன்றும் ருஷ்ய உலைகள் மின்சாரம் தருகின்றன, ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே தமிழும் இங்கே ருஷ்ய மொழியும் அறிந்தவர் எத்தனை பேர்? மொழிபெயர்ப்பாளர் இல்லாத நட்பு கணக்குப் புத்தகமாகச் சுருங்கிவிடும் என்று அஞ்சுகிறேன். நம் மாவட்டக் கல்லூரிகளில் மாலை நேரச் சான்றிதழ் வகுப்பாகவேனும் ருஷ்ய மொழியோ ஜெர்மன் மொழியோ கற்பிக்கப்பட வேண்டும். வேலை கிடைக்குமா என்று முதலில் கேட்பார்கள். தாத்தாவுக்கு அம்மொழியில் நாற்பது சொற்கள்தாம் தெரியும். அவற்றை வைத்துக்கொண்டே அவர் வேலை பார்த்தார்.

அவரிடம் ஒரு பழைய நோட்டு உண்டு. ருஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே பொருள் குறித்திருக்கிறார்: நீராவி, குழாய், திற, மூடு, நாளை. நட்புக்கு அங்கே என்ன சொல் என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதி வைக்கலைடா. அந்த இன்ஜினீயர் முதல்ல சொல்லிக் கொடுத்தது 'அஸ்தரோஷ்னா'. ஜாக்கிரதைன்னு அர்த்தம். கொதிகலன் பக்கத்துல வேற என்ன சொல்லுவாரு?" என்றார்.

அந்நோட்டை நம் கல்லூரி நூலகத்துக்குத் தர அவர் இசைந்துள்ளார். அக்காலத் தொழிலாளர் பலருக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. நெய்வேலி, வடலூர், மந்தாரக்குப்பம் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் தத்தம் வீட்டுப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.